பொறுத்துப் பார்ப்பதும் வைத்தியம்தான்

தொப்புளைச் சுற்றித் தொடங்கிய நோ வலது அடிவயிற்றுக்கு இறங்கினால், அப்பெண்டிக்ஸ் (குடல்வால் அழற்சி) என்று வீட்டாரே முடிவுகட்டி, உடனே வெட்டாத வைத்தியரை ஏசுகிறார்கள். 1986இல் வந்த அல்வராடோ அளவுகோல் நோ, காய்ச்சல், வெள்ளணு எல்லாவற்றுக்கும் சேர்த்து 10 புள்ளி போடுகிறது. 5, 6 வந்தால் வாட்டில் மறித்து, சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை வயிற்றை அழுத்திப் பார்ப்பதே முறை. இளம்பெண்களில் சூலகக் கட்டியும் இதே வேடம் போடும்.

மருந்தே போதாதா என்பார்கள். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நுண்ணுயிர்கொல்லி மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு 90 நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. வீட்டுக்குப் போனபின் நோ கூடினால் கிளிநொச்சி நகரத்தவர் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரலாம். ஆனால் துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற தூர ஊர்களில் நடுச்சாமம் நோ கூடினால் முதலில் வாகனம் தேடவேண்டும். ஆகவே சந்தேகமுள்ளவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது. கட்டில் போதாதென்ற மறுப்பு நியாயம்தான். ஆனால் குடல்வால் வெடித்து வருபவர் அதே கட்டிலில் இன்னும் கனநாள் கிடப்பார்.