மூன்று வட்டியும் நமது மௌனமும்



சென்ற வெள்ளிக்கிழமைத் திருப்பலி முடிந்தபின், வாகன நிறுத்துமிடத்தில் ஒருவர் என்னிடம் தனியே பேசினார். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை எந்தக் குருவும் எழுதமாட்டார். இது வெளியில் சொன்னது, அவருடைய இசைவுடன் எழுதுவது. கடனட்டையில் அவருக்கு 20,000 திர்ஹாம் நிலுவை. ஈராண்டுகளாகக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துகிறார். அதனால் கிடைக்கும் சிறு இடைவெளியில் மளிகைக்கும் விமானச் சீட்டுக்கும் அதே அட்டையைத் தேய்க்கிறார். கடன் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஊரிலுள்ள மனைவிக்கு ஒன்றும் தெரியாது.

"ஃபாதர், வேறொரு வங்கியில் கூப்பிடுகிறார்கள். நிலுவையை அவர்கள் அட்டைக்கு மாற்றினால் ஓராண்டுக்கு வட்டி கிடையாதாம். மாற்றட்டுமா?" என்றார்.

மாற்றலாம் என்பதே என் கருத்து. ஆனால் மாற்றுவது பாதி வேலைதான்.

நம் ஊரில் ஒருவர் 'மூன்று வட்டி'க்குக் கடன் வாங்கினார் என்றால் நாம் பதறுவோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு முப்பத்தாறு. கந்துவட்டிக் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் சட்டமே இயற்றினார்கள். இந்த அமீரகத்திலோ பல கடனட்டைகளின் வட்டி மாதத்திற்கு 3 விழுக்காடு, அல்லது அதற்குச் சற்று மேல். அதே மூன்று வட்டிதான். வாசலில் வந்து நின்று அதட்டும் ஆள் இல்லாததால் நமக்கு அச்சம் தோன்றவில்லை.

கணக்கைப் பாருங்கள். 20,000 திர்ஹாமுக்கு ஒரு மாத வட்டி 600. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு எனில் நீங்கள் செலுத்துவது 1,000. அதில் அசலுக்குச் சேர்வது 400 மட்டுமே. வட்டியில்லா அட்டைக்கு மாற்ற 3 விழுக்காடு கட்டணம் கேட்டால் 600, அதன்மேல் மதிப்புக்கூட்டு வரி 30. பின்பு மாதம் 1,667 செலுத்தினால் பன்னிரண்டு மாதங்களில் கடன் தீரும். அதே 1,667ஐப் பழைய அட்டையில் செலுத்தினால் பதினாறாவது மாதம் வரை இழுக்கும்; வட்டி மட்டும் 5,100 திர்ஹாமைத் தாண்டும். 630 எங்கே, 5,100 எங்கே!

குருவானவருக்கு வட்டிக் கணக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். 1462இல் இத்தாலியின் பெருஜியா நகரில், அதிக வட்டிக்காரரிடம் சிக்கிய ஏழைகளுக்காகக் குறைந்த செலவில் கடன் தரும் அடகு நிலையத்தை அமைக்க முன்னின்றவர்கள் பிரான்சிஸ்கன் துறவிகள். நிர்வாகச் செலவுக்கென அத்தகைய நிலையங்கள் சிறு கட்டணம் பெறுவதை 1515இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஏற்றுக்கொண்டது. ஆகவே பெருவட்டியிலிருந்து சிறுவட்டிக்கு மாறுவது தந்திரமன்று, விவேகம். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவரும் நமக்குக் கற்பித்திருக்கிறார்.

கையெழுத்திடுமுன் நான்கு செய்திகளைக் கேட்டறியுங்கள்: கட்டணம் எவ்வளவு? சலுகை எத்தனை மாதம்? அதன்பின் வட்டி என்ன? ஒரு தவணை தவறினால் சலுகை நிலைக்குமா? புதிய அட்டையில் பொருள் வாங்காதீர்கள். அச்செலவுக்குச் சலுகை பெரும்பாலும் பொருந்தாது. பழைய அட்டையைக் கத்தரியால் வெட்டினால் மட்டும் கணக்கு முடிந்துவிடாது. எழுத்துமூலம் மூடச் சொல்லி, பாக்கி இல்லை என்னும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மாற்றிய பலர் இங்கேதான் இடறுகிறார்கள். காலியான பழைய அட்டை மீண்டும் நிரம்புகிறது. ஒரு கடன் இரண்டாகிறது.

விண்ணப்பத்தை மறுத்தால் மனம் உடையவேண்டாம். மாதத் தவணைகள் அனைத்தும் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது இங்குள்ள மத்திய வங்கியின் விதி. உங்கள் வங்கிக்கே சென்று, நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி கேளுங்கள். வேலை போகுமுன் கேளுங்கள். சொல்லாமல் ஊருக்குச் செல்வது தீர்வன்று. வழக்கும் பயணத் தடையும் பின்தொடரக்கூடும். நண்பரைப் பிணையாக்கி அவரையும் இழுக்காதீர்கள்.

இனி, மற்றப் பாதி. அந்தச் சகோதரரிடம் நான் கேட்டது ஒன்றே: "உம் மனைவிக்கு எப்போது சொல்லப்போகிறீர்?" அவர் தலைகுனிந்தார். வீட்டில் தெரியாததால்தான் ஊரிலிருந்து வழக்கம்போல் கேட்கிறார்கள்: தங்கையின் சீர், புதுமனைக்குத் தளம், திருவிழாச் செலவு. இவரும் அட்டையைத் தேய்த்து அனுப்புகிறார். அவர்களைக் குறைசொல்ல இயலாது. வளைகுடாவில் இருப்பவனிடம் பணமில்லை என்பதை யாரும் அவர்களிடம் சொல்லவில்லையே! வட்டியை வங்கி மாற்றித் தரும். மௌனத்தை நாம்தான் மாற்றவேண்டும்.

ஆண்டவர் கற்பித்த செபத்தில் நாம் குற்றங்கள் என்று சொல்லுமிடத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் கடன்கள் என்னும் சொல்லே உள்ளது. கடன்பட்டவரை இறைவன் இகழ்வதில்லை. நாமும் இகழவேண்டாம். அவர் அன்றிரவே மனைவியிடம் பேசினார். முதலில் அழுகை, பிறகு, "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்ற ஒரு சொல். அடுத்த நாள் இருவரும் சேர்ந்து கணக்கெழுதினார்களாம்.

உங்களில் எவரேனும் இதே சுமையுடன் இருந்தால், இன்றிரவு அந்த அழைப்பை விடுங்கள். பேசத் துணிவில்லையெனில் என்னிடம் வாருங்கள். காகிதமும் பேனாவும் எடுத்துச் சேர்ந்தே உட்காருவோம்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை