ஹாலுக்கு எதற்கு சார் கடல்?

மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்குப் போய்ப் பாருங்கள். மயிலம் முருகன், தீவனூர் பிள்ளையார் என்று சாமிகளே கடலைத் தேடி வந்து தீர்த்தவாரி ஆடுகின்றன. நமக்கு மட்டும் கடல் நம்ம வீட்டு ஹாலுக்கு வரணும்!

உப்புத் தண்ணீர் மீன்தொட்டியைத்தான் சொல்கிறேன். அதில் குட்டி ஏஞ்சல் மீன் இருந்தால் தனி கெத்து. தணல் நிறத்தில் கறுப்புப் பட்டை போட்ட ஃபிளேம் ஏஞ்சல், பசிபிக் பவளப்பாறைச் சந்துகளில் பாசி கொறித்து வாழ்வது. பழுப்பு உடம்பும் நீலக்கரைத் துடுப்புமாக அதன் பங்காளி ஒன்று லட்சத்தீவிலும் இலங்கையிலும் உண்டு.

அது குடும்பஸ்தன் சார். ஒரு ஆண், சில பெண்கள். ஆண் செத்துப்போனால் பெரிய பெண் சில வாரங்களில் ஆணாகவே மாறிக் குடும்பத்தை நடத்தும். அந்தி சாயும்போது முட்டையிடும். அப்படிப்பட்டதை ஒற்றையாகத் தூக்கி வந்து டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டு, 'வாஸ்துக்கு நல்லது' என்கிறோம். யாருக்கு நல்லது?

நான் பி.காம். கணக்கு பார்ப்பேன். சென்னை கொளத்தூரில் வளர்த்து விற்கிறார்களே, நன்னீர் ஏஞ்சல், அது தொட்டியிலேயே பிறந்தது. வாங்குங்கள், பல குடும்பம் பிழைக்கும். கடல் ஏஞ்சல் கதை வேறு. அதன் குஞ்சுக்கு வாய் அத்தனை சின்னது. தீனி கொடுத்துத் தேற்றுவதே பெரும்பாடு. ஹவாயில் 2000-களின் தொடக்கத்தில் ஜெயித்தார்கள். ஆனாலும் இன்றுவரை கடைக்கு வருவதில் பெரும்பகுதி கடலில் பிடித்ததுதான். கொளத்தூர் மீன் வட்டி, இது முதல். முதலைத் தின்றால் கடை என்னாகும்?

பிடிக்கிற லட்சணமும் கேளுங்கள். பிலிப்பைன்ஸில் 1960-களில் ஆரம்பித்த வழக்கம், பாறைச் சந்தில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி, மயங்கும் மீனைப் பொறுக்குவது. கூடவே பவளமும் சாகும். கடையில் நிற்கிற மீன் எப்படிப் பிடிபட்டது என்று அதன் மூஞ்சியைப் பார்த்தா சொல்ல முடியும்?

"மீனவர்கள் வலை வலையாக அள்ளுகிறார்களே, என் ஒரு மீன்தான் உறுத்துகிறதா?" என்பீர்கள். ஐயா, அவர்கள் பிடிப்பது சோற்றுக்கு. அதற்கும் மீன் பெருகட்டும் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. அத்தனை நாள் வருமானத்தை அவர்கள் விடுகிறார்கள். நம்மால் ஒரு கண்ணாடிப் பெட்டியை விட முடியாதா?

கடல் பார்க்க ஆசையா? வைத்திக்குப்பத்துக்குப் போங்கள். டிக்கெட்கூடக் கிடையாது.