வரத்துக்காலும் கிடைக்கு இடமும் கேட்கிறோம்



முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கத்து மானாவாரி விவசாயிகளும் ஆடு மேய்க்கும் கீதாரிகளும் சேர்ந்து இதை எழுதுகிறோம். இராமநாதபுரம் என்றாலே தண்ணியில்லாக் காடு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே இங்கு மழை உண்டு. அது வந்து சேரும் விதத்தில்தான் எங்கள் பிழைப்பு கெடுகிறது.

புரட்டாசியில் புழுதி விதைப்பாக நெல்லைப் போடுகிறோம். ஒரு மழைக்கு முளைத்துவிடும். அப்புறம் மூன்று வாரம் வானம் வெளுத்துக் கிடந்தால் அத்தனையும் கருகும். வட்டிக்கு வாங்கி மறுவிதைப்புப் போட வேண்டும். கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டினால் முண்டு மிளகாய்ச் செடி வேரழுகிச் சாயும். ஆண்டுக் கடைசியில் பதிவேட்டைப் பார்த்தால் 'இயல்பான மழை' என்று எழுதியிருக்கும்! 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தபோது, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்கள். மொத்தமாகப் பொய்த்தால் எல்லோருக்கும் தெரிகிறது. நடுவில் விட்டுப்போகும் மழைக்குத்தான் கேட்பாரில்லை.

கீதாரிகள் பாடு இன்னும் மோசம். சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சை, திருவாரூர் வயல்களுக்கு ஆடுகளை ஓட்டிப்போய், எருவுக்காக இரவில் அங்கேயே அடைத்துக் கிடை போடுவது வழக்கம். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈர வயலில் கிடை மறிக்க முடியாது; ஆட்டுக்குக் குளம்பு அழுகிவிடும். கிடைக்கூலி இல்லாமல் ஊர் திரும்பினால், மேய்ச்சல் தரையெல்லாம் சீமைக்கருவேலம். அதன் நெற்றை ஆடு தின்னும், மறுப்பதற்கில்லை. ஆனால் அடியில் புல் முளைக்காதே.

மழையை யாரிடமும் கேட்க முடியாது. உங்களிடம் கேட்பது வேறு. கண்மாயைத் தூர்வாரிப் படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் அடைபட்டிருந்தால், கொட்டுகிற மழையில் கண்மாய்க்குப் பாதிகூட வந்து சேராது. வரத்துக்காலில் மனை போட்டிருந்தால் வாங்காதீர்கள். வருகிற ஜனவரி 26 கிராமசபைக்கு வாருங்கள். வரத்துக்காலையும் மேய்ச்சல் புறம்போக்கையும் அளந்து கல் நட வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள். டெல்டாவில் நிலம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: தை, மாசியில் மழை பிடித்தால், வயல் காயும்வரை ஆடுகள் நிற்க ஊரில் ஒரு மேட்டுத் தரிசைக் கொடுங்கள்.