பருத்தி வரி: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்



2021 மார்ச் 7 அன்று சுவிட்சர்லாந்து மக்கள், இந்தோனேசியாவுடனான வர்த்தக ஒப்பந்தம் வேண்டுமா என்று நேரடியாக வாக்களித்தார்கள். பாமாயில் வரிச் சலுகைதான் பெரிய சர்ச்சை. 51.6 சதவீத ஆதரவில் ஒப்பந்தம் தேறியது.

நம்மிடம் யார் கேட்டார்கள்? 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறையிலுள்ள இந்திய–ஆஸ்திரேலிய ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 51,000 டன் பருத்தி வரியின்றி வரலாம். 2021 பட்ஜெட் பருத்தி இறக்குமதிக்கு விதித்த வரியோ 11 சதவீதம். நூற்பாலைகளுக்குப் பஞ்சு தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் திருமங்கலம், பேரையூர் கரிசலில் மானாவாரியாகப் பருத்தி போடுகிறவர்களுக்கு, வெயிலில் ஆள் வைத்து எடுத்து, கூலி போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்தால் வயிறு எரிகிறது.

நம் அரசியல் சட்டத்தில் பொதுவாக்கெடுப்புக்கு வழியில்லை. அதைக்கூட விடுங்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திட நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதலே கட்டாயமில்லை. வரியைக் குறைக்க ஓர் அறிவிக்கை போதும். விவசாயம் மாநிலப் பட்டியலில் இருந்தும், மாநிலங்களின் சம்மதம் தேவைப்படுவதில்லை. இது சரியல்ல.

வரியைத் தொடும் எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும். மதுரை, விருதுநகர், தேனி எம்.பி.க்கள் இதை அவையில் எழுப்பவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், திருமங்கலம்