வாடைக் காற்றும் வதனமும்

மார்கழி மாரி ஓய்ந்து தை பிறந்ததும் மன்னார்த் தீவின் வானம் வெளுத்துவிடுகின்றது. மழையை அழைத்துக்கொண்டு வந்த வாடைக் காற்று, மழை போன பின்னும் தான் போகாமல், தனியே நின்று வீசுகின்றது. தாய்மார்களே, இக்காலத்தில் உங்கள் வீட்டுச் சிறுவர் சிறுமியரின் கன்னங்களைச் சற்று உற்று நோக்குங்கள். சாம்பல் பூத்தாற்போல் வெண்மை படர்ந்திருக்கும். உதட்டோரம் வெடித்திருக்கும். முகங்கழுவித் துடைத்தவுடன், "அம்மா, முகம் இழுக்கிறது" என்று பிள்ளை சொல்லும்.

"பனி பட்டு வெடித்தது" என்று நம் பாட்டிமார் இதற்குக் காரணங் கூறுவர். அதில் உண்மை ஓரளவே உண்டு. மேனாடுகளில் உறைபனிக் குளிரால் முகம் வறளுவது உண்மையே. ஆனால் மன்னாரிலோ தை மாதத்து இரவிலுங்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை. ஆதலால் மேனாட்டாருக்கென எழுதப்பட்ட அழகுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றுவதில் நமக்குப் பயன் அதிகமில்லை. நம் பகைவர் வேறு. காற்று, கடலுப்பு, வெயில், சவர்க்காரம் என்னும் நால்வருமே அவர்கள். இவ்வூர்க் காற்றின் வலிமைக்குச் சான்றும் வேண்டுமோ? தீவின் தென்கரையிலே 2020 ஆம் ஆண்டு முதல் சுழன்றுகொண்டிருக்கும் முப்பது காற்றாலைகளே போதிய சான்று. அவ்வளவு பெரிய சக்கரங்களைச் சுழற்றும் காற்று, ஈரச் சேலையை அரைமணி நேரத்தில் உலர்த்துவது போல நம் முகத்தின் ஈரத்தையும் உலர்த்திவிடுகின்றது.

சருமத்தின் மேற்படை கடதாசியிலும் மெல்லியது. ஒரு மில்லிமீற்றரை ஐம்பது கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, முகத்தில் அதன் பருமன் ஏறக்குறைய அவ்வளவே. செங்கல்லை அடுக்கிச் சாந்து பூசிய சுவர் போன்றது அதன் அமைப்பு. உயிரற்ற கலங்கள் செங்கற்கள். அவற்றினிடையே உள்ள கொழுப்பு சாந்து. சாந்து கெட்டியாக இருக்கும்வரை உள்ளிருக்கும் நீர் வெளியேறாது. சாந்து கரைந்தால் நீர் கசிந்துபோகும்; சருமம் வறண்டு, செதில் உதிர்ந்து, ஈற்றில் வெடிக்கும். ஆகவே வறட்சி என்பது நீர் குறைந்தமை மாத்திரமன்று. நீரைக் காக்கும் மதில் பழுதுபட்டமையுமாகும்.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தை அறியாதார் மன்னாரில் இல்லை. ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவுள்ள அந்த மரம் மாரியில் உறிஞ்சிய நீரைத் தன் பருத்த உடலில் தேக்கிவைத்து, வறட்சி வந்ததும் நீர் ஆவியாகிப் போகாதபடி இலைகளை உதிர்த்துவிடுகின்றது. கிடைக்கும்போது ஏற்பதும், ஏற்றதைப் போகவிடாமற் காப்பதுமே அதன் தந்திரம். முகத்தைப் பேணும் முறையும் அதுவே.

முதலாவது, முகங்கழுவுதல். மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் விடியற்காலை நீராடிப் பழகிய நாம், சவர்க்காரம் எவ்வளவு நுரைக்கின்றதோ அவ்வளவு சுத்தம் என்று எண்ணிவிடுகின்றோம். நம் சருமம் சிறிது அமிலத்தன்மையுள்ளது. சாதாரண சவர்க்காரமோ காரத்தன்மையுள்ளது. அது அழுக்கோடு கொழுப்புச் சாந்தையும் கரைத்துவிடும். போதாக்குறைக்கு, நம் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்நீர், கடினநீர். அதில் சவர்க்காரம் நன்கு நுரையாது. வெண்மசகாகத் திரண்டு தோலில் ஒட்டி எரிச்சலூட்டும். ஆகவே இக்காலத்தில் முகத்துக்கு ஒரு வேளை சவர்க்காரம் போதும். மற்றை வேளைகளில் வெறும் நீரே அமையும். பயற்றமா பூசுவோர் அதனை நன்கு அரித்து, மெல்லெனத் தடவிக் கழுவுக. தேய்த்து உரஞ்சுதல் ஆகாது. கொதிநீர் வேண்டா. கடலுக்குச் சென்று மீள்வோர், உப்பு முகத்திலே காயுமுன் நன்னீரால் கழுவிவிடுதல் அவசியம். இவ்விடயத்தில் ஆடவருக்கு விலக்கில்லை. முகம் மழித்த கையோடு கடற்காற்றில் இறங்குவோரின் கன்னமே முதலில் வெடிக்கின்றது.

இரண்டாவது, காத்தல். துவாயால் ஒற்றியெடுத்து, முகத்தில் ஈரம் சிறிது இருக்கும்போதே எண்ணெய்ப்பசையுள்ள ஏதேனும் ஒன்றை மெல்லிதாகத் தடவுங்கள். ஈரம் முற்றும் உலர்ந்த பின் தடவுவது, நீர் போன குளத்துக்கு அணை கட்டுவது போலாகும். எதைத் தடவுவது? விலை உயர்ந்தது வேண்டுமென்பதில்லை. தேங்காயெண்ணெயையும் கனிமவெண்ணெயையும் வறண்ட சருமமுள்ளவர்களிடம் ஒப்பிட்டுப் பார்த்த பிலிப்பைன்ஸ் நாட்டு ஆய்வொன்று, இரண்டும் ஒத்த பலனே தந்தன என 2004 இல் வெளியாயிற்று. முகப்பரு உள்ள இளவயதினர் மட்டும் தேங்காயெண்ணெயை முகத்துக்குத் தவிர்த்தல் நன்று. 1872 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வசலின் இன்றும் உதட்டு வெடிப்புக்கு மிக நல்ல மலிவான மருந்து. கிளிசரின் பூசுவோர் அதனை நீரோடு கலந்தே பூச வேண்டும். தனியே பூசினால், உலர்ந்த காற்றில் அது சருமத்தின் ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். தேசிப்புளி பூசி முகத்தைத் துலக்கும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். புளியின் மேல் வெயில் பட்டால் தோல் கன்றிக் கறுக்கும்.

இனி, சொல்லத் தயங்கினும் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவியொருத்தி, தை மாதத்தில், செதில் பூத்த கன்னங்களோடு வகுப்புக்கு வந்தாள். சக மாணவியர் அவளைப் பரிகசித்ததை நான் கண்டித்தேன். சில வாரங்களில் அவள் முகம் பளபளவென்று வெளுத்திருந்தது. "இப்போது முகம் எவ்வளவு தெளிந்திருக்கிறது, பிள்ளை!" என்று வகுப்பின் முன்னே நானே பாராட்டினேன். உறவினர் ஒருவர் கொடுத்த, பெயர்ச்சீட்டுச் சரியாக இல்லாத ஒரு கிறீமை அவள் பூசிவந்தாள் என்பது எனக்குத் தெரியாது. என் பாராட்டைக் கேட்ட மகிழ்ச்சியில் அவள் இரண்டாவது சிமிழும் வாங்கினாள். அது முடிந்து பூசுவதை நிறுத்தியபோது முகம் செக்கச்சிவந்து, எரிந்து, நீர் வடிந்தது. பொதுப்பரீட்சை நெருங்கிய வேளையில் மூன்று வாரம் அவள் வீட்டைவிட்டு வெளிவரவில்லை. அக்கிறீமில் ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்க வேண்டுமென வைத்தியர் கூறினார். வறட்சியைப் பரிகசித்தவர்களைக் கண்டித்த நான், வெளுப்பைப் பாராட்டினேனே. அவ்விரண்டும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

வைத்தியர் சொல்லாமல் பூசும் ஸ்டீரொயிட் தோலை மெலியச் செய்யும். வெளுக்கச் செய்யும் சில கிறீம்களில் பாதரசமும் இருப்பதுண்டு. அது சிறுநீரகத்தைத் தாக்க வல்லது. பூசியவரை மட்டுமன்றி அவர் மடியில் வளரும் குழந்தையையும் சாரும். இலங்கையும் சேர்ந்துள்ள மினமாட்டா உடன்படிக்கை, 2013 இல் உருவானபோது, அழகுப் பொருட்களில் பாதரசத்துக்கு ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராம் என எல்லை வகுத்தது. 2025 ஆம் ஆண்டோடு அச்சலுகையும் ஒழிய வேண்டுமென 2023 இல் உறுப்பு நாடுகள் தீர்மானித்தன. ஆயினும் சட்டம் சந்தையின் ஒவ்வொரு சிமிழையும் திறந்து பார்ப்பதில்லை. நாமே பார்க்க வேண்டும். செய்தவர் பெயரும் சேர்ந்த பொருட்களும் அச்சிடப்படாததை வாங்காதீர்கள். "பொன், வெள்ளி நகைகளில் படவிடாதீர்" என்று எழுதியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. நகைக்கு ஆகாதது நம் மகளின் முகத்துக்கு ஆகுமா?

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளின் கன்னத்தில் வறட்சியோடு தோன்றும் வெளிறிய தேமல் பெரும்பாலும் தீங்கற்றது. எண்ணெய்ப்பசையாலும் காலத்தாலும் மாறும். ஆனால் வெளிறிய இடம் மாறாதிருந்தாலோ, பஞ்சால் தொட்டும் அங்கே உணர்ச்சி தெரியாவிட்டாலோ, அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தாமதியாது செல்லுங்கள். அது தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இலங்கையில் 1983 முதல் அதற்குக் கூட்டுமருந்துச் சிகிச்சை உண்டு. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இலவச மருந்தால் முற்றாகக் குணமாகும் நோய் அது. அதனை மறைப்பதே ஆபத்து.

முகம் கறுப்பா, சிவப்பா என்பது பிறப்பு. அது வறளாமல் இருப்பது பேணுதல். பேணுவதற்கு வேண்டியவை நம் கிணற்றடியிலும் அடுக்களையிலும் உள்ளன. இன்று மாலை பிள்ளை முகங்கழுவி வரும்போது, ஈரம் உலருமுன் இரு துளி எண்ணெயை நீங்களே அதன் கன்னத்தில் தடவிவிடுங்கள். "வெளுத்திருக்கிறாய்" என்னும் சொல்லை மட்டும் பாராட்டாகச் சொல்லாதீர்கள்.