பெயர்ப்பலகைக்குப் பின்னால்

2024 ஜூலையில் உத்தரப்பிரதேசத்தின் முசாபர்நகர் காவல்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. கங்கை நீர் சுமந்து செல்லும் கன்வர் யாத்திரை வழியிலுள்ள உணவகங்களும் தள்ளுவண்டிக் கடைகளும் உரிமையாளரின் பெயரை வெளியே எழுதி வைக்க வேண்டும் என்பதே அது. சில நாட்களில் அது மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. பழம் விற்பவரின் மதத்தைத் தெருவில் நின்றே படித்துக்கொள்ள வகை செய்த அந்த ஆணைக்கு, ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எவ்வகை உணவு விற்கப்படுகிறது என்று அறிவித்தால் போதும். பெயரை எழுதுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது.

ஆணையிட்ட அரசையும் அவதியுற்ற வணிகரையும் பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. அத்தகைய பலகைகளைச் செய்து கொடுப்பவரைப் பற்றி எவரும் பேசவில்லை. “வாடிக்கையாளர் தரும் வாசகத்தை அச்சிடுகிறோம்; அதற்கு மேல் எங்களுக்கு என்ன?” இது இந்தியாவின் எந்த நகரத்துப் பிளெக்ஸ் கடையிலும் கிடைக்கக்கூடிய விடை. இவ்விடையைப் பழிப்பது எளிது. இது எந்த வாழ்நிலையிலிருந்து பிறக்கிறது என்று ஆராய்வதே கட்சிக்குப் பயன் தரும்.

ஒரு தலைமுறைக்கு முன்பு வரை பெயர்ப்பலகை என்பது தூரிகையின் வேலை. தில்லியிலும் கொல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் எனாமல் பெயின்ட் டப்பாவுடன் ஏணியில் நின்ற ஓவியருக்குத் தம் கைத்திறனே மூலதனம். முதலில் வினைல் எழுத்துகளை வெட்டும் கணினி வந்தது. அடுத்து பிளெக்ஸ் அச்சு இயந்திரம் வந்தது. இரண்டு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தில்லிக் கலைஞர் ஹனீப் குரேஷி இத்தகைய ஓவியர்களின் எழுத்து வடிவங்களைக் கணினி எழுத்துருக்களாக்கிப் பாதுகாக்க முனைந்தார். எழுத்து அவ்வாறு பிழைத்தது. எழுதியவர்களில் பெரும்பாலோரின் தொழில் பிழைக்கவில்லை. சிலர் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசச் சென்றனர். சிலர் கடன் வாங்கி இயந்திரம் வைத்தனர்.

சிறு உற்பத்தியாளரும் கடைக்காரரும் கைவினைஞரும் பாட்டாளி வர்க்கத்துக்குள் தள்ளப்படுவதற்கு மார்க்சும் எங்கெல்சும் 1848இல் கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையில் இரு காரணங்களைக் காட்டினர். அவர்களது சிறு மூலதனம் பெருமூலதனத்தோடு போட்டியிடப் போதாமை ஒன்று. புதிய உற்பத்தி முறையால் அவர்களது கைத்திறன் மதிப்பிழப்பது மற்றொன்று. பலகைத் தொழிலில் இவ்விரண்டு அடிகளும் ஒரே மனிதர் மீது அடுத்தடுத்து விழுந்தன. திறன் மதிப்பிழந்ததும் அவர் கடன்பட்டு உடைமையாளரானார். உடைமையாளரானதும் போட்டியில் சிக்கினார்.

அதே இயந்திரம் அடுத்த தெருவிலும் ஓடுகிறது. ஆகவே சதுர அடிக்கு ஒரு ரூபாய் குறைப்பதே போட்டியின் வழி. மையின் விலையும் அச்சுமுனையின் விலையும் அவர் கையில் இல்லை. வங்கித் தவணை, வாடகை, மின்கட்டணம், ஜிஎஸ்டி ஆகியவை தேதி தவறாமல் வருகின்றன; வாடிக்கையாளரின் பணம் அவ்வாறு வருவதில்லை. தேர்தல் காலத்தில் இயந்திரம் இரவு பகலாக ஓடும், பெரும்பகுதி கடனுக்கே. தோற்ற வேட்பாளரிடமிருந்து பணம் வராது. வென்றவரிடம் கேட்கத் துணிவு வராது.

இந்த வாழ்நிலைதான் அவரது பார்வையை வடிக்கிறது. இரவெல்லாம் இயந்திரத்தின் அருகே நின்று மையின் நெடியைச் சுவாசிப்பதால் அவர் உழைப்பாளி. இரண்டு மூன்று பேருக்குக் கூலி கொடுப்பதால் உடைமையாளர். வரி அதிகாரி மீது அவருக்குக் கோபம் உண்டு. தொழிற்சங்கத்தின் மீது ஐயமும் உண்டு. எல்லாக் கட்சிகளும் வாடிக்கையாளர்கள் என்பதால் எக்கட்சியும் தமதில்லை என்பார். இந்த நடுநிலை உண்மையில் அச்சத்தின் மறுபெயர்.

மேலும், அரசாணைகளே அவருக்கு வேலையும் தருகின்றன. 2023 செப்டம்பரில் மும்பைக் கடைகள் மராத்தியில் பெயர்ப்பலகை வைக்க உச்ச நீதிமன்றம் இரண்டு மாத அவகாசம் அளித்தது. 2024 தொடக்கத்தில் கர்நாடகம் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கியது. மக்களின் மொழி பலகையில் இடம்பெறுவது நியாயமே. ஆனால் பலகை செய்பவரின் கணக்கில் எழும் முதற்கேள்வி, எத்தனை பலகைகள் என்பதுதான். இந்தப் பழக்கத்துக்கு ஆட்பட்ட கண், நியாயமான ஆணையையும் முசாபர்நகர் ஆணையையும் வேறுபடுத்திப் பார்க்காது. வகுப்புவாதம் வெறுப்பாளரை மட்டும் நம்பி இயங்குவதில்லை. கேள்வி கேட்காமல் வேலை முடித்துத் தருபவரும் அதற்குத் தேவைப்படுகிறார்.

இவரது கோபம் எங்கே திரும்புகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் கண்டிப்பால் 2018இல் பெங்களூரு மாநகராட்சி பிளெக்ஸைத் தடை செய்தது. 2019இல் கேரளமும் தடை விதித்தது. 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பதாகைகளுக்கு நாடு முழுவதும் தடை. எரித்தால் டையாக்சின் நஞ்சைக் கக்கும் பொருளைக் கட்டுப்படுத்துவது அவசியமே. ஆனால் நோட்டீஸ் எளிதில் சென்று சேர்வது அச்சிட்டவரின் கடைக்கு; பதாகையில் சிரிக்கும் தலைவரின் வீட்டுக்கு அன்று. மாற்றுத் துணிக்கும் மாற்று இயந்திரத்துக்கும் கடனுதவி தராமல் தடை மட்டும் வந்தால், சுற்றுச்சூழல் என்ற சொல்லே அவருக்குப் பகையாகிவிடும்.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் நிலையத்தின் மீது விழுந்து 17 உயிர்களைப் பறித்த விளம்பரப் பலகை, 120 அடிக்கு 120 அடி அளவுள்ளது. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவோ 40 அடிக்கு 40 அடி. அது இடத்தை வாடகைக்கு விட்டுக் கொழிக்கும் விளம்பர மூலதனத்தின் பலகை. அதையும் தெருமுனை அச்சுக்கடையையும் ஒரே தட்டில் வைப்பது வர்க்கப் பார்வை ஆகாது.

கட்சி செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, கட்சிக் கிளைகள் அச்சுக்கடைக்குத் தர வேண்டிய பாக்கியைக் காலத்தில் தீர்ப்பது. கடன் சொல்லிவிட்டு வர்க்கக் கூட்டணி பேசுவதில் பயனில்லை. இரண்டாவது, வங்கத்திலும் கேரளத்திலும் இடதுசாரிகள் வளர்த்த சுவரெழுத்து மரபையும் துணிப் பதாகையையும் மீட்டு, அவ்வேலையை எஞ்சியுள்ள ஓவியர்களுக்கு உரிய கூலியுடன் அளிப்பது. மூன்றாவது, மின்கம்பிகளுக்கு அருகே பாதுகாப்புக் கயிறின்றி ஏறிப் பலகை மாட்டும் தொழிலாளிக்குப் பாதுகாப்பும் காப்பீடும் கோருவது. நான்காவது, மாற்றுப் பொருளுக்கு மாற அரசின் கடனுதவியைக் கேட்டு, கடைக்காரரையும் தொழிலாளியையும் ஒரே கோரிக்கையில் இணைப்பது.

முசாபர்நகர் போன்ற ஆணை மீண்டும் வரலாம். அன்று “இதை அச்சிட மாட்டேன்” என்று ஒரு சிறு கடைக்காரர் சொல்வதற்கு மனச்சான்று மட்டும் போதாது. மறுநாள் அவரது கடைமுன் வந்து நிற்கும் மனிதர்களும் வேண்டும். அம்மனிதர்கள் யார் என்பதைத் தோழர்கள் இன்றே முடிவு செய்யலாம்.