பாடத்திட்டம் எந்த ஊரிலிருந்து வருகிறது?



பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து நம் அலுவலகத்துக்கு வரும் போன்களில் பாதி, பத்திரிகை சம்பந்தப்பட்டதே அல்ல. தக்கலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். “மக பி.எஸ்சி. மேத்ஸ் படிக்கணும்ங்கா. அவ அப்பா கம்ப்யூட்டர்தான்னு ஒத்தக் கால்ல நிக்காரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.” ஒரு குடும்பத்தின் சண்டையில் பத்திரிகை ஆசிரியன் தலையிடுவது நல்லதல்ல என்று நழுவிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி நழுவவில்லை. நம் பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்பதை எந்த ஊர் முடிவு செய்கிறது?

நாகர்கோவிலுக்குக் கல்லூரிகள் புதிதல்ல. மயிலாடியில் 1809-இல் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளி, அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவிலுக்கு வந்து, 1893-இல் கல்லூரியாக உயர்ந்தது. அதுதான் இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. அதே மீட் 1820-களின் தொடக்கத்திலேயே இங்கே ஓர் அச்சுக்கூடமும் வைத்தார். திருவிதாங்கூரின் முதல் அச்சுக்கூடம் அது. பள்ளியும் அச்சும் ஒன்றாகக் கிளம்பிய ஊர் இது என்று சொல்லிக்கொள்வதில் பத்திரிகைக்காரனுக்கு ஒரு சின்ன கர்வம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி இங்கே இருந்தது. அதற்குப் பட்டம் தரும் பல்கலைக்கழகம் மட்டும் ஒருபோதும் இங்கே இருந்ததில்லை. 1893-இல் தேர்வும் பட்டமும் சென்னைப் பல்கலைக்கழகத்துடையவை. 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் பிறந்ததும் எல்லாம் திருவனந்தபுரம் போயிற்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, மறுபடியும் சென்னை. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வந்தது. வைகைக் கரைக்குப் போனோம். 1990-இல் மதுரை காமராசரிலிருந்து பிரிந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானது. திருநெல்வேலி நம் தலைமையிடம் ஆனது. ஒரு கட்டடம் ஓர் அங்குலமும் நகரவில்லை. அதன் பல்கலைக்கழகம் மட்டும் நான்கு முறை மாறிவிட்டது.

இதை ஒரு வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாடத்திட்டக் குழு கூடும். அங்கேதான் கேள்வித்தாள் எழுதப்படும். சென்னையும் திருவனந்தபுரமும் மதுரையும் நெல்லையும் எழுதிக் கொடுத்ததை, நாஞ்சில் நாட்டு ஆசிரியர்கள் நூறு வருடத்துக்கு மேலாக நன்றாக நடத்திக் கொடுத்தார்கள். அந்தப் படிப்பில்தான் நாம் ஆளானோம். குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் மணவாளக்குறிச்சி மணலைப் பற்றி மதுரையில் கூடும் குழு ஏன் யோசிக்கப்போகிறது?

மனோன்மணியம் சுந்தரனார் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர், திருநெல்வேலிக் கல்லூரியில் பணி செய்தவர், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். மலையாளக் கரைக்கும் தாமிரபரணிக்கும் நடுவில் வாழ்ந்த மனிதர். நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரில் ஒரு பல்கலைக்கழகம் கிடைத்திருக்காது.

இப்போது ஊரைச் சுற்றிப் பாருங்கள். ஆசாரிப்பள்ளத்தில் காசநோய் மருத்துவமனை இருந்த வளாகத்தில் 2001-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி. தமிழ்நாட்டில் அரசு நடத்தும் ஆயுர்வேதக் கல்லூரி அது ஒன்றுதான். கோணத்தில் அரசு பாலிடெக்னிக், ஐடிஐ, அவற்றோடு அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியான பொறியியல் கல்லூரி. இராஜாக்கமங்கலத்தில் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம். குமாரகோவிலில் நூருல் இஸ்லாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். இறச்சகுளத்தில் அமிர்தா. செட்டிகுளம் பக்கம் 1952-இல் தொடங்கிய தெ.தி. இந்துக் கல்லூரி, புன்னைநகரில் 1965-இல் தொடங்கிய ஹோலி கிராஸ். மார்த்தாண்டம், அகஸ்தீஸ்வரம், ஆரல்வாய்மொழி, முஞ்சிறை என்று போனால் பட்டியல் இந்தப் பக்கத்தில் அடங்காது.

மற்ற ஊர்களில் ஒரே மதிலுக்குள் இருக்கும் மருத்துவம், பொறியியல், அறிவியல், கலை எல்லாம் நம்மிடமும் இருக்கின்றன, மதில்தான் இல்லை. டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்குள் ஒரு முழுப் பல்கலைக்கழகமே பரந்து கிடக்கிறது. ஆனால் ஆசாரிப்பள்ளத்தின் பட்டமும் கோட்டாறின் பட்டமும் சென்னை கிண்டியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகின்றன. கோணத்துப் பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. இராஜாக்கமங்கலம், திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் உள்ள சுந்தரனார் பல்கலைக்கழகத்தைப் பார்க்கிறது. பி.எட். கல்லூரிகளுக்கு வேறொரு பல்கலைக்கழகம். ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே வடசேரியில் இறங்கும் மாணவர்கள் ஒருவர் வகுப்பறையை மற்றவர் ஒருநாளும் எட்டிப்பார்ப்பதில்லை.

ஆயுர்வேத மாணவருக்கு மருத்துவக் கல்லூரியின் ஆய்வகமும், கடல் அறிவியல் மாணவிக்குக் கோணத்துப் பொறியியல் ஆசிரியரும் எவ்வளவோ உதவக்கூடும். இதற்கு ஒரு புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டியதில்லை. நான்கு முதல்வர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும். அந்த மேசையை யார் போடுவது என்பதில்தான் சிக்கல்.

என் ஆதங்கம் இன்னொன்று: நம்மைச் சுற்றி இருப்பது நம் பாடங்களில் இல்லை. முப்பந்தல் காற்றாடிகளைக் கடக்காமல் நாம் திருநெல்வேலி போக முடியாது. இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று அது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் கண்டறிந்தார். இன்றும் அங்கே மத்திய அரசின் அரிய மண் நிறுவனம் ஓடுகிறது. மேற்கே போனால் ரப்பர்த் தோட்டம். 1984 முதல் அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகம் நாகர்கோவிலில்தான். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்து டிபிஎஸ் 3 நெல் ரகத்தைப் பற்றி, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் பார்த்த எந்த விவசாயியிடம் கேட்டாலும் சொல்வார். தெற்கே கடல். தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் சுறா தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். 2017 நவம்பர் கடைசி நாளில் ஒக்கி புயல் வந்தபோது அவர்களில் எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை. எச்சரிக்கை ஏன் படகுக்குப் போய்ச் சேரவில்லை என்று அன்று ஊரே கேட்டது.

அந்தக் கேள்விக்குள் வானிலை இருக்கிறது, மின்னணுவியல் இருக்கிறது, மொழி இருக்கிறது, நிர்வாகம் இருக்கிறது. ஒரு கல்லூரியின் நான்கு துறைகள் மூன்று வருடம் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம் அது. ஆனால் புதிதாகப் பிரிவு தொடங்கும் கல்லூரி எதுவானாலும் முதலில் தொடங்குவது பி.காம்., பி.சி.ஏ., கம்ப்யூட்டர் சயின்ஸ். வகுப்பு நிரம்பும், சரிதான். ஆனால் அதே வகுப்பு தாம்பரத்திலும் இருக்கிறது, கோவையிலும் இருக்கிறது. காற்றும் மணலும் ரப்பரும் கடலும் கேட்டுக்கு வெளியே நிற்கின்றன.

இதை மாற்றும் சாவி இப்போது நம் கையிலேயே ஓரளவு இருக்கிறது. ஸ்காட், ஹோலி கிராஸ் போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பலருக்கு இதன் பொருள் தெரிவதில்லை. பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும். ஆனால் பாடத்திட்டத்தைக் கல்லூரியின் குழுவே எழுதலாம், தேர்வையும் அதுவே நடத்தலாம். அதாவது ஒரு விலங்கியல் துறை நினைத்தால் குளச்சல் துறைமுகத்தையே ஒரு பருவத்தின் பாடமாக வைக்கலாம். ஒரு தமிழ்த்துறை நினைத்தால் வில்லுப்பாட்டுக் கலைஞர்களைத் தேடிப்போய்ப் பதிவுசெய்வதையே மதிப்பெண்ணுக்குரிய வேலையாக்கலாம். சென்னைக்கோ நெல்லைக்கோ எழுதிக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த உரிமையை எந்தக் கல்லூரி எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதை, பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் தாராளமாகக் கேட்கலாம். கல்லூரிக் கமிட்டியில் இருக்கும் வாசகர்களும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தக்கலை அம்மாவுக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். இஸ்ரோ தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த கே. சிவன், நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளைக்காரர். தெ.தி. இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தவர். அவருக்குப் பொறியியல்தான் ஆசை. அப்பா விவசாயி; வகுப்பு முடிந்ததும் தோட்டத்துக்கு வந்து கைகொடுக்க வசதியாக, வீட்டுக்கு அருகில் இருந்த கல்லூரியில் சேர்த்துவிட்டார். இதைச் சிவனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கணிதத்தில் அவர் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தபிறகு அதே அப்பா நிலத்தை விற்று மகனைச் சென்னை எம்ஐடி-க்கு அனுப்பினார். அங்கே போகும்வரை வேட்டிதான் உடுப்பாம். தந்தை கல்லூரியைத் தேர்ந்தெடுத்த கணக்கு வெறும் தூரக் கணக்கு. அந்தத் தூரத்துக்குள் ஒழுங்கான ஒரு கணிதத்துறை இருந்தது என்பதுதான் விஷயம். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைமைக்கு வந்த வி. நாராயணனும் நம் மாவட்டத்தின் மேலக்காட்டுவிளைக்காரர். அவருடைய தொடக்கம் பட்டம்கூட அல்ல, மெக்கானிக்கல் டிப்ளமோ. ஐஐடி காரக்பூர் எல்லாம் அதற்குப் பிறகு. பாலிடெக்னிக் என்றால் முகம் சுளிக்கும் மாமாக்கள் வீட்டுக்கு வந்தால் இதைச் சொல்லுங்கள்.

ஆகவே அம்மா, மகள் கணிதம் கேட்டால் கணிதத்தில் சேருங்கள். சேர்க்கும் முன்பு கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போங்கள். வரவேற்பறை பளிங்குத் தரையைப் பார்க்க வேண்டாம். நேராகத் துறைக்குப் போய், நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். நூலகத்தில் புத்தகம் மாணவர் கைக்குப் போகிறதா, கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறதா என்று பாருங்கள். சென்ற வருடம் முடித்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்துப் பேசினால் இன்னும் நல்லது.

பணத்தைப் பற்றியும் ஒன்று. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. மருத்துவத்திலும் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. தெரிந்த விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். தெரியாமல் விட்டவர்கள் வருடாவருடம் நமக்குக் கடிதம் எழுதுகிறார்கள். இன்னொன்று, வழக்கமான படிப்புகளைத் தாண்டியும் கொஞ்சம் கண்ணை ஓட்டுங்கள். அபிஷேகப்பட்டியில் உள்ள குற்றவியல் துறை நாடறிந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு படிப்பு அடுத்த மாவட்டத்தில் இருப்பது தெரியும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டத்துக்கு: 91.75 சதவீதம். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாகிவிட்டது. படித்தவர்களை வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் அனுப்பியதும் போதும் என்று சொல்லமாட்டேன், அது அவரவர் வயிற்றுப்பாடு. ஆனால் இங்கேயே இருந்து இந்த மண்ணையும் கடலையும் படிக்க விரும்பும் பிள்ளைக்கு இங்கே ஒரு படிப்பு இருக்க வேண்டும். அதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் நவம்பர் இதழைக் குமரி மாவட்டக் கல்லூரிகளின் சிறப்பிதழாகக் கொண்டுவருகிறோம். பழைய கல்லூரி ஆண்டு மலர்கள், வகுப்புப் புகைப்படங்கள், மார்க் லிஸ்ட், ஹாஸ்டல் ரசீது எது இருந்தாலும் நகல் எடுத்து அனுப்புங்கள், அசல் வேண்டாம். குறிப்பாக, 1956-ஐ ஒட்டிய வருடங்களில் ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் கல்லூரியில் சேர்ந்து, இன்னொன்றின் பட்டத்தோடு வெளியே வந்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள். நம் நிருபர் வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்வார். செப்டம்பர் 15-க்குள் வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்